ஊமை என்று பெயர் பூண்ட இசையகம்



இசை யாருடைய உடைமை? கற்றுத் துறைபோய இசைவாணர்களுடையதா? விலையுயர்ந்த கருவிகளை வாங்க வல்ல செல்வர்களுடையதா? ஒலிப்பதிவு அரங்குகளையும் தட்டு அச்சிடும் ஆலைகளையும் விற்பனை வழிகளையும் ஒருங்கே தம் கைக்குள் வைத்திருக்கும் பெருநிறுவனங்களுடையதா? அன்றி, உள்ளத்தில் ஓர் ஓசை எழ, அதனைப் பிறர் செவிக்கு எட்டச் செய்ய வேண்டும் என்று துடிக்கும் எளிய மாந்தன் ஒவ்வொருவனுடையதுமா?

இவ்வினாவிற்கு 1978-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் வடமேற்கே கோல்டர்சு கிரீன் என்னும் பகுதியில், ஒரு வீட்டின் அறையிலிருந்து ஒரு விடை பிறந்தது. பக்கத்திற்கு ஒரு பாட்டாக, ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று மணித்துளி அளவே ஒலிக்கும் சிறிய ஏழங்குல இசைத்தட்டாக அவ்விடை வெளிவந்தது. பாடியவர் ஒருவர்; கருவி இயக்கியவர் அவரே; ஒலி பதிந்தவர் அவரே; வெளியிட்டவரும் அவரே. அவர் பெயர் தானியல் மில்லர். அவர் தொடங்கிய வெளியீட்டகத்தின் பெயர் 'மியூட்'. தமிழில் சொன்னால் 'ஊமை'.

ஊமை பேசியது. உலகம் செவி சாய்த்தது. எப்படி நேர்ந்தது இது? இதனால் வாழ்ந்தவர் யார், அஞ்சியவர் யார்? இறுதியில் அந்த ஊமையின் உரிமை யார் கைக்குப் போயிற்று? இவற்றை முறையாக ஆய்ந்து பார்த்தல் இசைக்கு மட்டுமன்று, கலைத்துறை அனைத்திற்கும் பயன் தருவதாகும்.

ஏதிலியர் வீட்டுப் பிள்ளை

மில்லர் 1951-இல் இலண்டனில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் மார்ட்டின் மில்லர், தாயார் அன்னா நோர்பர்ட்டு ஆகிய இருவரும் நாடகக் கலைஞர்கள், யூத இனத்தினர், இட்லரின் கொடுங்கோன்மைக்குத் தப்பி ஆத்திரிய நாட்டினின்று இங்கிலாந்துக்கு ஏதிலியராய் வந்து சேர்ந்தவர்கள். உடைமை இழந்தார்கள், ஊர் இழந்தார்கள், ஆனால் மொழியை இழக்கவில்லை. 1939-இல் இலண்டனில் 'இலாட்டர்ண்டில்' என்னும் பெயரால் ஆத்திரிய ஏதிலியர் ஒரு சிறு நாடக அரங்கை நிறுவினர். 'சிறு விளக்கு' என்பது அச்சொல்லின் பொருள். அயல்நாட்டு மண்ணில், போர் மூண்ட காலத்தில், தம் தாய்மொழியாகிய செருமானிய மொழியிலேயே அவர்கள் நாடகம் நடத்தினர். அந்தச் சிறு விளக்கை ஏற்றியவர்களுள் முன்னின்றவர் மார்ட்டின் மில்லர்.

அத்தகைய வீட்டில் வளர்ந்த மகன் இசைப்பயிற்சி பெற்றவர் அல்லர். கில்டுபோர்டு கலைப்பள்ளியில் திரைக்கலை பயின்றார். படத்தொகுப்புத் தொழிலில் இருந்தார். இசையின்பால் வேட்கை உண்டு. விரலில் வித்தை இல்லை. செருமனியில் எழுந்த புதிய மின்னிசை அவரை ஆட்கொண்டது. எனினும் அதனைச் செய்தற்குரிய கருவிகள் அந்நாளில் ஒரு வீட்டின் விலை பெறும் என்று எளியோர் ஒதுங்கியிருந்தனர்.

காலம் மாறிற்று. 1970-களின் நடுப்பகுதியில் சப்பானிய நிறுவனங்கள் சிறிய, விலை குறைந்த மின்னொலிக் கருவிகளை விற்பனைக்குக் கொண்டு வந்தன. ஆங்கிலத்தார் 'சிந்தசைசர்' என வழங்கும் இக்கருவியில் நரம்பில்லை, துளையில்லை, தோலில்லை. மின்னோட்டத்தை அலைபோல் துடிக்கச் செய்து, அத்துடிப்பை வடிப்பான் வழியே செலுத்தி, வேண்டும் பகுதியைக் கொண்டு வேண்டாததைக் கழித்து, எழுச்சியும் வீழ்ச்சியும் அமைத்து ஒலியாக்குவதே இதன் இயக்கம். மில்லர் 'கோர்கு 700 எசு' என்னும் கருவி ஒன்றைப் பிறர் பயன்படுத்திக் கழித்த நிலையில் வாங்கினார். அஃது ஒரு நேரத்தில் ஓர் ஒலியை மட்டுமே எழுப்ப வல்லது. அதனுடன் நான்கு தடங்களில் ஒலி பதியும் 'தியாக்கு' நாடாக் கருவி ஒன்றையும் வாங்கினார். முதல் தடத்தில் தாளம், அடுத்த தடத்தில் அடியொலி, அதன்மேல் இடையிடையே கீறும் ஓசை, அதன்மேல் குரல். இங்ஙனம் அடுக்கடுக்காய்ப் பதிந்தார். முழவும் இல்லை, முழவு அறைவாரும் இல்லை. தாள ஒலியையும் அந்த ஒற்றைக் கருவியின் இரைச்சலினின்றே வடித்தெடுத்தார்.

கருவியின் குறையே பாட்டின் நடையாயிற்று என்பதை இங்கே கருத்திற்கொள்ள வேண்டும். பல ஒலிகளை ஒருங்கே எழுப்ப இயலாமையால் பாட்டு வற்றி, வறண்டு, எலும்பாய் நின்றது. பாடத் தெரியாமையால் குரல் உணர்ச்சி ஏதுமின்றிச் செய்தி படிப்பது போல் அமைந்தது. அந்த வறட்சியும் அந்த உணர்ச்சியின்மையுமே அப்பாட்டின் பொருளுக்குப் பொருந்தி நின்றன. வறுமையே அணியாயிற்று!

பெயர்களின் பொருள்

பெயர் வைப்பதில் ஒருவன் நெஞ்சம் வெளிப்படும். மில்லர் வைத்த பெயர்கள் ஆராயத்தக்கவை.

வெளியீட்டகத்தின் பெயர் மியூட். படத்தொகுப்பாளர்கள் ஒலி சேராத படச்சுருளைச் சுட்டும் சொல் இது. தம் பழைய தொழிலிலிருந்து எடுத்த சொல்லையே ஒலியை விற்கும் நிலையத்துக்குப் பெயராக்கினார். பின்னாளில் நெடுந்தட்டுகள் வெளியிட்டபோது அவற்றின் வரிசையெண்ணுக்கு முன் 'இசுட்டும்' என்னும் செருமானியச் சொல்லைப் பொறித்தார். அதற்கும் ஊமை என்பதே பொருள். பெற்றோர் மொழி மகனின் தட்டுகளில் எண்ணுக்கு முன்னெழுத்தாய் வாழ்ந்தது.

தமக்கு அவர் இட்டுக்கொண்ட இசைப்பெயர் 'தி நார்மல்'. அதாவது, 'இயல்பு'. விந்தையான ஒலியைச் செய்துவிட்டு இயல்பு என்று பெயரிட்டார். இளைஞர் இசைக்குழுக்கள் தம்மை இடியென்றும் புயலென்றும் பெயரிட்டுக்கொள்ளும் உலகில், இஃது ஓர் அடக்கமான எள்ளல்.

தட்டின் இரு பாட்டுகளுள் ஒன்றன் பெயர் 'டி.வி.ஓ.டி.' அது தொலைக்காட்சியை மருந்துபோல் உடலுக்குள் ஏற்றிக்கொள்ளும் மாந்தனைப் பற்றியது. மற்றொன்றன் பெயர் 'வார்ம் லெதரெட்'. 'வெதுவெதுப்பான தோல்போலி' என்று பொருள் கொள்ளலாம். வண்டி இருக்கைகளுக்குப் போர்த்தும் செய்தோலைச் சுட்டும் சொல் அது. ஆங்கிலப் புதின ஆசிரியர் பாலார்டு 1973-இல் வெளியிட்ட 'கிராசு' என்னும் புதினம், உந்துவண்டிகள் மோதி நொறுங்குவதில் மாந்தர் இன்பம் காணும் நோய்மையைச் சித்திரிக்கிறது. அதனைத் திரைப்படமாக்க மில்லரும் நண்பர் ஒருவரும் முயன்றனர், முயற்சி கைகூடவில்லை. ஒரு முழுத் திரைப்படத்துக்குரிய எண்ணத்தை மில்லர் மூன்று மணித்துளிப் பாட்டாகச் சுருக்கினார்.

'இஃது இன்பம் பயக்கும் பாட்டா?' என்று கேட்பார் உளர். இல்லை. பொறி மாந்தனை விழுங்கும் காலத்தைப் பொறியின் குரலாலேயே காட்டிய பாட்டு அது. கேட்பவர்க்குக் கூச்சமும் அச்சமும் தோன்றுமாயின் பாட்டு தன் தொழிலைச் செய்துவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

கடைக்காரர் கைகொடுத்தார்

தட்டு உருவாயிற்று. விற்பது எப்படி? அந்நாளில் இங்கிலாந்தில் ஒரு புதுநெறி முளைத்திருந்தது. 1977-இன் தொடக்கத்தில் மாஞ்செசுடர் நகரத்துப் 'பசுகாக்சு' குழுவினர் உற்றாரிடமும் நண்பரிடமும் 500 பவுண்டு கடன் பெற்று, பெருநிறுவனம் எதனையும் நாடாமல் தாமே முதலில் 1000 தட்டுகள் அச்சிட்டு வெளியிட்டிருந்தனர். 'செய்ய இயலும்' என்பதற்கு அது சான்றாயிற்று. சான்று ஒன்று கிடைத்தால் துணிவு பலர்க்கும் பிறக்கும்.

மில்லர் 500 தட்டுகள் அச்சிட எண்ணினார். தேர்வுக்கு அச்சிட்ட படியை எடுத்துக்கொண்டு கடை கடையாய்ச் சென்றார். இலண்டனின் மேற்கே செப்ரி திராவிசு என்பார் 1976-இல் தொடங்கிய 'இரஃப் திரேடு' என்னும் இசைத்தட்டுக் கடைக்கும் சென்றார். கடையில் தட்டு சுழன்றது. கேட்டவர்கள், '500 போதாது, 2000 அச்சிடுவீர். யாமே கடைகளுக்கு அனுப்புவோம்' என்றனர். முன்பணமும் தந்து உதவினர். ஒரு சிறுவணிகர் மற்றொரு சிறுமுயற்சியாளரை அடையாளம் கண்டார். அதன்பின் அத்தட்டு மீண்டும் மீண்டும் அச்சேறிப் பல்லாயிரம் படிகள் விற்றது.

தட்டின் உறையில் மில்லர் தம் வீட்டு முகவரியை அச்சிட்டிருந்தார். சிறு செயல்தான், ஆனால் விளைவோ பெரிது. முகவரியைக் கண்ட இளைஞர் பலர், தாம் செய்த ஒலிநாடாக்களை அவ்வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பத் தொடங்கினர். ஒரே ஒரு தட்டு வெளியிட்டுவிட்டு ஓய்ந்திருக்க வேண்டியவர், பிறர்க்கும் வெளியீட்டாளராக மாறினார். பிராங்கு தோவி என்னும் இளைஞர் 'பேட்டு கேட்சட்டு' என்னும் பெயரில் செய்த தட்டே மியூட்டின் இரண்டாம் வெளியீடாய் 1979-இல் வந்தது.

மேடையிலும் எளிதில் வரவேற்பு கிட்டிவிடவில்லை. 1979-இல் மில்லரும் இராபர்ட்டு இரெண்டல் என்பாரும் முரட்டுக் கித்தார் இசை கேட்க வந்த கூட்டத்தின் முன் மின்னொலிக் கருவிகளோடு நின்றனர். அச்சுற்றுப்பயணத்தில் ஒரு நாள் இசைத்தவை மறு ஆண்டில் ஒரு பக்கம் மட்டுமே பதிவுள்ள நெடுந்தட்டாக வெளிவந்தன. அதே காலத்தில் மில்லர் 'சிலிக்கன் தீன்சு' என்று நால்வர் கொண்ட குழு ஒன்றைப் படைத்து, பழைய பாட்டுகளை மின்னொலியில் வெளியிட்டார். அந்த நால்வரும் கற்பனை மாந்தர்! செய்தவர் மில்லர் ஒருவரே. வருங்காலத்தில் இளைஞர் குழுக்கள் கித்தாரை விடுத்து மின்னொலிக் கருவிகளையே ஏந்தி வரும் என்று அவர் கண்ட கனவின் உருவமே அது.

கனவு பலித்தது. 1980-இன் இறுதியில் பாசில்டன் என்னும் ஊரிலிருந்து நான்கு இளைஞர்கள் மின்னொலிக் கருவிகளோடு இலண்டன் மேடையில் தோன்றினர். 'டெப்பச் மோடு' என்பது அவர்தம் குழுப்பெயர். பெருநிறுவனங்கள் பெரும்பணம் காட்டி அழைத்தன. அவர்களோ எழுதிய உடன்படிக்கை ஏதுமின்றி, கைகுலுக்கிய வாய்ச்சொல்லை மட்டுமே நம்பி, வரும் ஊதியத்தைப் பாதிப்பாதியாய்ப் பகிர்ந்துகொள்வதென்று மில்லருடன் இணைந்தனர். 1981-இல் வந்த அவர்தம் மூன்றாம் தட்டு இங்கிலாந்தின் விற்பனை வரிசையில் எட்டாம் இடம் பெற்றது. வழக்கறிஞர் எழுதிய தாள்கள் கிழிந்துபோகும் வணிகத்தில், வாய்ச்சொல் பல்லாண்டு நின்றது.

பொறியா, கைத்திறனா?

இனி மறுபக்கமும் பார்த்தல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பேசுதல் சான்றோர்க்கு அழகன்று.

1982-இல் பிரித்தானிய இசைக்கலைஞர் ஒன்றியத்தின் இலண்டன் நடுவக் கிளையினர், மின்னொலிக் கருவிகளையும் தாளப்பொறிகளையும் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினர். நரம்புக்கருவிக் கலைஞர் பலர் இருந்து இசைக்க வேண்டிய இடத்தில் ஒருவர் ஒரு பொறியோடு அமர்ந்துவிட்டால், அந்தப் பலரின் அடுப்பு எரிவது எப்படி? நாடக அரங்குகளிலும் ஒலிப்பதிவு அரங்குகளிலும் நாட்கூலிக்கு இசைத்து வாழ்ந்தவர்களின் கேள்வி இது. இதனைப் பிற்போக்கு என்று இகழ்தல் முறையாகாது. தறி ஓட்டியவன் ஆலைப்பொறியைக் கண்டு அஞ்சியது எவ்வளவு மெய்யோ அவ்வளவு மெய் இந்த அச்சமும்.

ஆயினும் வேறுபாடு ஒன்றுண்டு. பணம் படைத்தவன் பலரின் கூலியை மிச்சம் பிடிக்கப் பொறியைக் கொணர்வது ஒன்று. கூலிக்கு ஆள் அமர்த்த வழியே இல்லாத ஏழை தன் குரலை எழுப்பப் பொறியை நாடுவது மற்றொன்று. மில்லரின் அறையில் எந்த இசைவாணரின் வேலையும் பறிபோகவில்லை. அப்பொறி இல்லையேல் அங்கே அமைதிதான் இருந்திருக்கும். கருவி ஒன்றே, அதனை ஏந்தும் கையும் கருத்தும் வேறு. யாழும் ஒருநாள் புதுக்கருவியே. வில்லின் நாணொலி கேட்டு அதனை முதன்முதல் யாழாக்கியவனையும், 'வேட்டைக் கருவியைக் கெடுத்தான்' என்று பழித்தோர் இருந்திருக்கலாம்!

தம் மொழியில் பாடிய துணிவு

இம்மின்னிசையின் வேரைத் தேடினால் செருமனிக்குச் செல்ல வேண்டும். போருக்குப் பின் அந்நாட்டு இளைஞர் வானொலி முழுதும் அமெரிக்க, ஆங்கிலப் பாட்டுகளே ஒலித்தன. பாட்டென்றால் ஆங்கிலப் பாட்டு என்னும் மயக்கம் நிலவியது. அந்நிலையில் தூசல்டார்பு நகரின் இரால்பு இயூட்டரும் புளோரியன் சினைடரும் 1970-இல் 'கிராப்ட்வெர்க்கு' என்னும் குழுவை அமைத்தனர். 'மின்னாக்க நிலையம்' என்பது அதன் பொருள். 1974-இல் அவர்கள் வெளியிட்ட 'ஆட்டோபான்' நெடுந்தட்டின் ஒரு பக்கம் முழுதும் விரைவுச்சாலைப் பயணத்தைப் பற்றிய ஒரே பாட்டு. ஏறத்தாழ 22 மணித்துளி. பாடியது செருமானிய மொழியில். அமெரிக்க நெடுந்தட்டு விற்பனை வரிசையில் அது ஐந்தாம் இடம் பெற்றது. பொருள் விளங்காத அமெரிக்கரும் வாங்கிக் கேட்டனர். அயலார் மதிக்க வேண்டுமாயின் அயல்மொழியில்தான் பாட வேண்டும் என்பார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமோ? பின்னாளில் அவர்கள் தம் தட்டுகளை ஆங்கிலத்திலும் பாடி வெளியிட்டது உண்மை. ஆயினும் உலகின் வாயிலைத் திறந்தது அவர்தம் தாய்மொழியே.

மியூட் வெளியிட்ட முதல் நெடுந்தட்டும் செருமானியக் குழுவினுடையதே. 'தாஃப்' என்று சுருக்கமாய் வழங்கும் தூசல்டார்புக் குழுவின் அத்தட்டு 1980-இல் வந்தது. இலண்டனுக்கு வந்து, இலண்டன் வெளியீட்டகத்தில், ஆங்கிலேயர் நடுவில், செருமானிய மொழியிலேயே பாடினர். அக்குழுவின் பாடகர் காபி தெல்காதோ இசுப்பெயின் நாட்டில் பிறந்து, சிறுவயதில் செருமனிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் பிள்ளை, 2020-இல் மறைந்தார். வந்தேறிய வீட்டின் மகன், தான் வளர்ந்த மண்ணின் மொழியைக் குறுஞ்சொற்களாய் வெட்டி, கட்டளைபோல் ஒலிக்கச் செய்தார். அவ்வல்லோசையே தாளத்துக்குத் துணையாயிற்று. ஒரு மொழியின் இயல்போசை இசையின் நடையையே வகுக்கும் என்பதற்கு இது கண்கூடு. அவர்தம் பாட்டுகளை மொழிபெயர்த்தால் பொருள் வரும், ஓசை வாராது. ஓசை போனபின் அங்கே எஞ்சுவது யாது?

விற்றதும் மீண்டதும்

சிறியது வளர்ந்தால் என்னாகும்? இதுவே இவ்வரலாற்றில் மிகுதியும் சிந்திக்கத்தக்க பகுதி.

மியூட் வளர்ந்தது. சமைக்காவில் பிறந்த பாடகி கிரேசு சோன்சு 1980-இல் 'வார்ம் லெதரெட்' பாட்டைத் தாமும் பாடி, தம் நெடுந்தட்டுக்கே அப்பெயரைச் சூட்டினார். 1982-இல் 'யாசூ', 1985-இல் 'இரேசர்' எனப் புகழ்பெற்ற குழுக்கள் மியூட்டில் தோன்றின. 1999-இல் மோபி என்பாரின் 'பிளே' நெடுந்தட்டு முதலில் மெல்லவே விற்று, பின்னர் உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆயினும் தனித்து நிற்கும் வெளியீட்டகங்கள் பல கடனில் மூழ்கி மறைந்த காலம் அது. 2002-இல் மில்லர் தம் நிறுவனத்தை ஈ.எம்.ஐ. என்னும் பெருநிறுவனத்துக்கு 2 கோடியே 30 இலக்கம் பவுண்டுக்கு விற்றார். பொறுப்பில் அவரே தொடர்ந்தார். எனினும் சாவி பிறர் கையில்!

எட்டாண்டுகள் சென்றன. ஈ.எம்.ஐ. தானே தள்ளாடத் தொடங்கிற்று. 2010-இல் மில்லர் அந்நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, மியூட் என்னும் பெயரோடு மீண்டும் தனித்து இயங்கத் தொடங்கினார். விடுதலை கிடைத்தது, ஆனால் விலையின்றிக் கிடைக்கவில்லை. அதுவரை உழைத்து வெளியிட்ட பழந்தட்டுகள் பலவற்றின் உரிமை ஈ.எம்.ஐ.யிடமே நின்றது. பின்னர் ஈ.எம்.ஐ. உடைந்து கூறாகி விலைபோனபோது அவ்வுரிமை பி.எம்.சி. என்னும் மற்றொரு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. வீட்டை மீட்டவர்க்கு வீட்டிலிருந்த பண்டங்கள் மீளவில்லை. பெயர் ஒருவரிடம், செல்வம் வேறொருவரிடம்.

இதனால் பெறப்படுவன யாவை?

ஒன்று: தொடங்குதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. ஒரு கருவி, ஒரு நாடா, ஓர் அறை, ஒரு முகவரி ஆகியவை போதுமாயின.

இரண்டு: திறமைக்குறைவு தடையன்று. உள்ள ஒன்றைக் கொண்டு சொல்ல வேண்டியதைச் சொல்லும் நேர்மையே கலையின் உயிர்.

மூன்று: சிறியோர்க்குச் சிறியோரே துணை. அந்தக் கடைக்காரர் முன்பணம் தாராதிருப்பின் அத்தட்டு 500 படிகளோடு ஒழிந்திருக்கும்.

நான்கு: படைத்தவன் தன் படைப்பின் உரிமையைக் கைவிடுங்கால் கண் விழித்திருத்தல் வேண்டும். வாய்ச்சொல் நட்புக்குப் போதும், பெருநிறுவனத்துக்குப் போதாது. கைமாறிய உரிமை எளிதில் மீளாது.

பெருமக்களே! அவரவர் நெஞ்சில் எழும் ஓசையை அவரவர் வாய்மொழியில், கையில் கிடைத்த கருவியைக் கொண்டு ஒலிக்கச் செய்க. செவிமடுக்க யாருளர் என்று முன்கூட்டியே அஞ்சற்க. உறையின்மேல் முகவரியை எழுதி வைக்க. கதவு தட்டுவோர் வருவர். வந்தவரை உள்ளே அழைக்க. ஊமை என்று பெயரிட்ட ஓர் இசையகம் உலகத்தாரைப் பாட வைத்தது இவ்வகையால்தான்.

சிறு துளி பெருவெள்ளம்! வெள்ளம் ஆனபின் அணையின் திறவுகோல் எவர் கையில் என்பதையும் மறவாதிருப்போமாக!